பென்ஸ் ஜோன்ஸும் ஒரு சோதனைக் குழாயும்

நம் சங்க மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி செயலாளர் அண்ணன் கேட்டார். விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றியும் கலாமைப் பற்றியும் எழுத நம்மிடையே நிறைய பேர் இருக்கிறார்கள். நானோ இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக் கருவிகளோடு தினமும் மல்லுக்கட்டிக் கொண்டிருப்பவன். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்தே ஒருவரை எடுத்துக்கொண்டேன். ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்பது அவர் பெயர். டாக்டர்களுக்கு அவர் பெயர் தண்ணீர் பட்ட பாடு. என்ஜினீயர்களாகிய நமக்குத்தான் புதுசு.

1813 டிசம்பர் 31 அன்று இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிறந்தார். வசதியான குடும்பம். ஹாரோ பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் படித்தார். பிறகு லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். நாடியும் நாக்கும் பார்த்து வைத்தியம் செய்த காலம் அது. மனித உடம்பை வேதியியலால் அளக்க முடியும் என்ற எண்ணம் இவரைப் பிடித்துக்கொண்டது. லண்டனில் தாமஸ் கிரகாமிடம் வேதியியல் கற்றார். அது போதாதென்று 1841இல் ஜெர்மனிக்குப் போய், கீசன் நகரில் புகழ்பெற்ற லீபிக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பழகினார். திரும்பி வந்து செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையிலேயே மருத்துவரானார். சிறுநீரையும் சிறுநீரகக் கற்களையும் ஆராய வேண்டுமென்றால் லண்டன் டாக்டர்கள் இவரைத்தான் தேடுவார்கள்.

அவர் பெயரை நிலைநிறுத்திய சம்பவம் 1845 நவம்பர் 1 அன்று நடந்தது. அன்று ஒரு நோயாளியின் சிறுநீர் அவரிடம் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் டாக்டர் தாமஸ் வாட்சன். நோயாளி லண்டனில் மளிகைக் கடை வைத்திருந்த 45 வயதுக்காரர். முந்தைய ஆண்டு விடுமுறைக்குப் போன இடத்தில் ஒரு குதி குதித்தபோது, நெஞ்சுக்குள் ஏதோ படக்கென்று முறிந்ததுபோல் இருந்திருக்கிறது. அன்று தொடங்கிய எலும்பு வலி விடவே இல்லை. மனிதர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். ஆலோசனைக்கு வந்த டாக்டர் வில்லியம் மக்கின்டயர், உடம்பில் வீக்கம் இருப்பதைக் கண்டு சிறுநீரைச் சூடுபடுத்திப் பார்த்தார். அங்கேதான் வினோதம்.

முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு உறைந்துவிடும். மறுபடி எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இருந்தால் அதுவும் அப்படித்தான். இந்தக் குழாயில் இருந்தது வேறு மாதிரி நடந்தது. சூடாக்கினால் லேசாகக் கலங்கியது. நைட்ரிக் அமிலம் விட்டால் சிவந்து தெளிந்தது. ஆறினால் கட்டியானது. மறுபடி சூடாக்கினால் கரைந்து ஓடியது! எந்தப் புத்தகத்திலும் இல்லாத நடத்தை. இது என்ன பொருள் என்று கேட்டுத்தான் வாட்சன் அனுப்பியிருந்தார்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எதிர்பாராத ரீடிங் வந்தால் அதை அடித்துவிட்டு, புத்தகத்தில் இருப்பதை எழுதிவிடும் ஆசை எந்த லேபிலும் தலைகாட்டும். மாதிரி கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லி வீசிவிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. பென்ஸ் ஜோன்ஸ் வீசவில்லை. பிரித்தார், உலர்த்தினார், எடை போட்டார். அந்த மனிதர் ஒரு நாளைக்குச் சுமார் 67 கிராம் புரதத்தைச் சிறுநீரில் இழக்கிறார் என்று கணக்குப் போட்டார். ஒரு ஆள் நாள் முழுக்கச் சாப்பிடும் புரதமே ஏறக்குறைய அவ்வளவுதான். சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறது என்பதற்கு விடை அந்த எண்ணிலேயே இருந்தது.

நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை. 1846 ஜனவரி தொடக்கத்தில் அவர் இறந்தார். விலா எலும்புகள் கத்தியால் வெட்டும் அளவுக்கு மெத்தென்று இருந்தன. உள்ளே கூழ்போன்ற சிவப்புப் பொருள். அதை நுண்ணோக்கியில் பார்த்து, அதிலிருந்த செல்களை வர்ணித்தவர் ஜான் டால்ரிம்பிள் என்ற அறுவை மருத்துவர். பென்ஸ் ஜோன்ஸ் தன் ஆய்வை 1847, 1848 ஆண்டுகளில் வெளியிட்டார். எலும்பு மெலியும் மற்ற நோயாளிகளிடமும் இந்தப் பொருளைத் தேட வேண்டும் என்று வலியுறுத்தினார்.

அவர் சொன்ன விளக்கம் தவறு. ஆல்புமின் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டான பொருள் என்று நினைத்தார். ஆனால் அளவு சரி, வர்ணனை சரி. தியரி காலாவதியானாலும் ஒழுங்காக எடுத்த ரீடிங் காலாவதியாகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வினோதத்தை முதலில் கண்டவர் மக்கின்டயர். அவர் இந்த நோயாளியின் முழு வரலாற்றையும் எழுதி வெளியிட்டது 1850இல். அதற்குள் அந்தப் புரதம் பென்ஸ் ஜோன்ஸ் பக்கம் போய்விட்டது. படுக்கையருகில் நின்று கவனித்தவரின் பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? நியாயமாகப் பார்த்தால் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

பென்ஸ் ஜோன்ஸ் அதோடு நிற்கவில்லை. ஸ்பெக்ட்ராஸ்கோப் என்ற கருவி வந்ததும், கினிப் பன்றிகளுக்கு லித்தியம் உப்பைக் கொடுத்து, அது எவ்வளவு நேரத்தில் எந்த உறுப்புக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்தார். 1865இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. 1860 முதல் ராயல் இன்ஸ்டிடியூஷனின் செயலாளர். அங்கே இருந்த மைக்கேல் ஃபாரடேக்கு நெருங்கிய நண்பர். நமக்கெல்லாம் மோட்டாரும் டைனமோவும் கொடுத்த அந்த மகானின் வாழ்க்கையை 1870இல் இரண்டு பாகங்களாக எழுதியவர் இவரேதான். இதய நோயால் பல ஆண்டுகள் அவதிப்பட்டு, 1873 ஏப்ரல் 20 அன்று காலமானார்.

அதே 1873இல்தான் ருஸ்டிட்ஸ்கி என்ற ரஷ்ய மருத்துவர் இந்த நோய்க்கு மல்டிபிள் மைலோமா என்று பெயர் வைத்தார். 1889இல் ஓட்டோ காலர் இன்னொரு நோயாளியை விரிவாக வர்ணித்தார். எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் இருக்கின்றன. நோயை எதிர்க்கும் ஆன்டிபாடியைத் தயாரிப்பது அவற்றின் வேலை. ஒவ்வொரு ஆன்டிபாடியிலும் கனமான சங்கிலி இரண்டு, லேசான சங்கிலி இரண்டு. ஒரு செல் கட்டுப்பாடு இழந்து ஒரே வார்ப்பில் பெருகினால், லேசான சங்கிலிகள் தேவைக்கு மேல் குவியும். அசெம்பிளி லைனில் ஒரு உதிரிப் பாகம் மட்டும் மலைபோல் குவிவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக இருப்பதால் சிறுநீரக வடிகட்டியைத் தாண்டி வெளியே வந்துவிடும். 1956இல் கோர்ன்கோல்டும் லிபாரியும் இந்தப் புரதத்தில் இரண்டு வகை உண்டு என்று காட்டினார்கள். கப்பா, லாம்டா என்ற பெயர்கள் அவர்களை நினைவுகூரவே வைக்கப்பட்டவை. 1962இல் எடெல்மனும் கேலியும், ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த லேசான சங்கிலியும் சிறுநீரில் வந்த புரதமும் சூட்டில் ஒரே மாதிரி நடப்பதைக் காட்டினார்கள். கலங்குகிறது, கொதிக்கும்போது கரைகிறது, ஆறினால் மறுபடி கலங்குகிறது. வாட்சன் கேட்ட கேள்விக்கு 117 வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது!

எனக்கு இது வெறும் சரித்திரம் இல்லை. என் பெரியப்பாவுக்கு வந்தது இந்த நோய்தான். முதுகுவலி என்று ஆரம்பித்தது. 2001இல் அறிமுகமான ரத்தச் சோதனை ஒன்று லேசான சங்கிலிகளை நேரடியாக அளந்து சொல்கிறது. மாதா மாதம் அந்த எண்ணுக்காக வீடே காத்திருக்கும். எண் இறங்கினால் பெரியம்மா அன்று பாயசம் வைப்பார். நோய் அடியோடு போகவில்லை. ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்று அந்த எண்ணை வைத்துத்தான் டாக்டர் சொன்னார். ஆறு வருஷம் எங்களோடு இருந்தார் பெரியப்பா, தன் பேத்தியின் கல்யாணமும் பார்த்தார். அந்த மளிகைக் கடைக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருடைய ஒரு குழாய் சிறுநீரை இருவர் அலட்சியம் செய்யாததால் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது.

நண்பர்களே, நம்மில் ஒருவர் பாலம் கட்டுகிறார், ஒருவர் மென்பொருள் எழுதுகிறார், ஒருவர் பம்ப் தயாரிக்கிறார். கணக்குக்கு ஒத்துவராத ஒரு அளவு நம் எல்லோருடைய மேசைக்கும் ஒரு நாள் வரும். அதை அடிக்காமல், தேதி போட்டு எழுதி வையுங்கள். முதலில் கவனித்தவர் பெயரையும் கூடவே எழுதி வையுங்கள்.