யார் இந்த பாவலர் வரதராஜன்? ரேடியோவுக்குள் நுழையாத ஆர்மோனியம், தேர்தல் களத்தைக் கலக்கிய கதை

இளையராஜாவைத் தெரியும், கங்கை அமரனைத் தெரியும். ஆனா இவங்களை முதன்முதலில் மேடை ஏத்திவிட்ட அண்ணன் பாவலர் வரதராஜனைப் பத்தி எத்தனை பேருக்குத் தெரியும்? இளையராஜா இன்னைக்கும் பத்திரமா வச்சிருக்கும் அந்தப் பழைய ஆர்மோனியம், அண்ணன் கோவையில் 85 ரூபாய்க்கு வாங்கியது. இதை இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

தேனியில் இருந்து பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, சின்னமனூர் வழியா கம்பம் ரோட்டைப் பிடிச்சுப் போய், உத்தமபாளையம் பக்கம் மேற்கே திரும்பினால் மலை அடிவாரத்தில் வருகிற ஊர் பண்ணைப்புரம். அப்பா டேனியல் ராமசாமி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். வரதராஜன், ராசையாவுக்கு (அதாவது இளையராஜாவுக்கு) வேறொரு தாய் வயிற்று அண்ணன். அப்பா சீக்கிரமே இறந்துவிட, அந்த வீட்டில் பெரியவர் என்றால் அது இவர்தான்.

வரதராஜன் கம்யூனிஸ்ட். பாட்டு எழுதுவார், பாடுவார், ஆர்மோனியம் வாசிப்பார். கட்சிக் கூட்டம்னா முதல்ல பாட்டு, அப்புறம்தான் பேச்சு. ஊர் ஜனங்க வாயில் ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கும் சினிமா மெட்டை எடுத்து, அதில் கூலி, விலைவாசி, பண்ணையார்னு புது வரிகளைப் போட்டுவிடுவார். மெட்டு தெரிஞ்சது என்பதால் ஒரு தடவை கேட்டாலே கூட்டம் கூடவே பாட ஆரம்பிச்சிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர் மனசிலும் அரசியல் போய் உட்கார்ந்தது இப்படித்தான்.

தேவிகுளத்தில் என்ன நடந்தது?

1957 கேரள சட்டமன்றத் தேர்தலில் மொத்தம் 126 இடங்கள். கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தது 60. சுயேச்சைகள் 5 பேரின் ஆதரவோடு இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதல்வரானார். மெஜாரிட்டி எவ்வளவு மெல்லிசுன்னு கணக்குப் போட்டாலே தெரியும். இந்த நேரத்தில், தேவிகுளத்தில் ஜெயிச்ச ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது. எதிர் வேட்பாளரின் மனுவைத் தவறா தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்பது காரணம். 1958ல் இடைத்தேர்தல்.

தேவிகுளம் 1956 மாநிலப் பிரிவினையில் கேரளாவுக்குப் போன பகுதி. ஆனா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிச்சவங்களில் பெரும்பாலானவங்க தமிழர்கள். அவங்ககிட்ட மலையாளத்தில் பேசி ஓட்டு வாங்க முடியுமா? போடிமெட்டுக்கு இந்தப் பக்கத்தில் இருந்து ஒரு தமிழ்க் குரல் தேவைப்பட்டது. பாவலர் போனார். உடம்பு சரியில்லாத அண்ணனுக்குத் துணையா போன ராசையாவுக்கு அப்போ 14 வயசு. லயம் லயமா, எஸ்டேட் எஸ்டேட்டா பாட்டுக் கச்சேரி நடந்தது. ரோசம்மா மறுபடியும் ஜெயிச்சார். இந்த வெற்றிக்குக் காரணம் பாவலர்தான்னு முதல்வர் இ.எம்.எஸ். பாராட்டியதை அந்தக் குடும்பத்தினர் பலமுறை சொல்லியிருக்காங்க. அந்த ஆட்சியை 1959 ஜூலை 31ல் மத்திய அரசு கலைத்துவிட்டது, அது தனிக்கதை.

அந்தப் பயணத்தோடு தம்பிகளும் கச்சேரிக் குழுவில் சேர்ந்தாங்க. பாஸ்கர், ராசையா, அமர்சிங் (கங்கை அமரன்). குழுவுக்குப் பெயர் பாவலர் பிரதர்ஸ். பெண் பாடும் பகுதி வந்தா ராசையாதான் பாடணும். குரல் உடைந்த பிறகுதான் அவர் வாத்தியம் பக்கம் நகர்ந்தார். ஆர்மோனியம் கற்றுக்கொண்டதும் சுலபமா இல்லை. அண்ணன் பெட்டியைத் தொட்டா புறங்கையில் பிரம்படி விழும். அண்ணன் வெளியே போன நேரத்தில் திருட்டுத்தனமா வாசிச்சுப் பழகினார் தம்பி. பாவலர் நல்ல ஆசிரியரா என்று கேட்டால், சந்தேகம்தான். ஆனா வருஷக்கணக்கில் ராத்திரி ராத்திரியா விதவிதமான கூட்டத்துக்கு முன்னால வாசிக்க வச்சது எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் குறைஞ்சதில்லை.

ரேடியோ ஏன் இவரைக் கேட்கவில்லை?

அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே நிலையான சுரம். ஒரு சுரத்தில் இருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, கமகம் வராது, நம்ம சங்கீதத்துக்கு இது ஆகாது என்பது வாதம். தடை தளர்ந்தது 1971ல்தான். அதாவது, பாவலர் ஊர் ஊரா வாசிச்ச காலத்தில் பெரும்பகுதி அவர் கையில் இருந்த வாத்தியத்துக்கு ரேடியோ கதவு சாத்தியே இருந்தது.

கர்நாடக சங்கீதத்துக்கு அந்த வாதம் சரியாவே இருக்கட்டும். தெருமுனைக் கூட்டத்துக்கு என்ன வேணும்? ஒரு கை துருத்தியை இழுக்க, மறு கை வாசிக்க, வாய் பாட்டைப் பாடணும். மைக் மக்கர் பண்ணினாலும் பத்து வரிசை தாண்டிக் கேட்கணும். தலைச்சுமையா மலை ஏறணும். ஆர்மோனியம் இது அத்தனையும் செய்தது. தோளில் மாட்டிக்கொள்ளும் அக்கார்டியனும் இதே குடும்பம்தான். காற்றில் அதிரும் உலோக நாக்குதான் இரண்டுக்கும் உயிர்.

1968ல் தம்பிகள் மெட்ராஸ் கிளம்பினாங்க. கைச்செலவுக்குப் பணம் இல்லை. அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டில் இருந்த ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தார். பாவலர் ஊரிலேயே இருந்துவிட்டார். சினிமா ஆசை அவருக்கு இருந்ததோ இல்லையோ, அவருடைய மேடை கம்பம் பள்ளத்தாக்கிலும் மலை மேலும்தான் இருந்தது.

1973ல் பாவலர் காலமானார். அன்னக்கிளி ரிலீஸானது 1976 மே மாதம். மூன்று வருஷ வித்தியாசம். நாட்டுப்புற மெட்டோடு தமிழ் சினிமா பாட்டு திசை மாறியதை, அந்த மண்ணின் பாட்டைத் தம்பிக்கு வாழ்ந்து காட்டியவர் கேட்கவே இல்லை. மேடைக்காக, அந்தந்தத் தேர்தலுக்காக எழுதிய பாட்டுக்கு இசைத்தட்டு யார் போடுவாங்க? கூட்டம் கலைஞ்சதும் பாட்டும் கலைஞ்சது.

பெயர் மட்டும் தியேட்டருக்குள் வந்தது. பாஸ்கர் படத் தயாரிப்பில் இறங்கியபோது நிறுவனத்துக்கு பாவலர் கிரியேஷன்ஸ் என்று பெயர் வைத்தார். 1981ல் பாரதிராஜாவின் அலைகள் ஓய்வதில்லை, 1989ல் ரஜினியின் ராஜாதி ராஜா, 1992ல் கமலின் சிங்காரவேலன் எல்லாம் அந்த பேனரில் வந்தவை. அடுத்த முறை அந்தப் படங்கள் டிவியில் ஓடும்போது டைட்டிலைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க.