டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

ஆவடி இன்ஜின் ஃபேக்டரியில் தயாராகுற டாங்க் இன்ஜின் எந்த வகை தெரியுமா? டீசல். அது ஒரு மனிதரோட பெயர்.

ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில் பிறந்தார். மியூனிக்கில் நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிக்கும்போது, நீராவி இன்ஜின் எரிபொருளோட சக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் வீணாக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டார். அந்த விஷயம் அவரை விடவே இல்லை. காற்றை நல்லா அழுத்தினா, அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பத்திக்கும். ஸ்பார்க் பிளக் வேண்டாம். இதுதான் அவர் ஐடியா. 1893-ல் சோதனையில் வெடிப்பு, உயிர் தப்பினார். விடாமல் உழைத்து, 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் 26 சதவீத எஃபிஷியன்சியைத் தொட்டார்.

ஆனா அந்த இன்ஜின் மூணு மீட்டர் உயரம். வண்டியில் ஏத்தவே முடியாது. கடனும் கழுத்தை நெரித்தது. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து போகும் கப்பலில் இருந்து காணாமல் போனார். டீசல் லாரிகள் ரோட்டுக்கு வந்தது அதுக்குப் பத்து வருஷம் கழிச்சுதான்.

இன்னைக்கு சேறு, மணல், மேடு எதுவானாலும், குறைந்த ஆர்பிஎம்மிலேயே நல்ல இழுவை தந்து, எரிபொருளையும் மிச்சம் பிடிக்குது அவர் இன்ஜின். நீங்க ஆஃப்-ரோடு வண்டி டிசைன் பண்றீங்களா? பெரிய டயர் தேடுறதுக்கு முன்னாடி, சக்தி எங்கெல்லாம் வீணாகுதுன்னு கணக்குப் போடுங்க. அவரும் அங்கேதான் ஆரம்பிச்சார்.