சிலுவை அருளப்பர்: கல்வியும் மோனமும்

ஸ்பானிய மொழியின் தலைசிறந்த கவிஞர்களை எண்ணுவோர் சிலுவை அருளப்பரை விடுத்து எண்ணுவதில்லை. அவர் பாடியவை எல்லாவற்றையும் ஒருங்கு சேர்த்தாலும் ஆயிரம் அடிகளை எட்டா. அவற்றுள் ஒன்றேனும் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. இறைவனை நாடிய துறவியாகவே அவர் வாழ்ந்தார். அந்நாட்டத்தின் போக்கிலேயே பாடலும் பிறந்தது.

1542ஆம் ஆண்டு, காஸ்டீல் நாட்டின் ஃபொந்திவேரோஸ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் கொன்சாலோ பட்டு வணிகக் குடும்பத்தினர். ஏழை நெசவுப் பெண்ணாகிய கத்தலீனாவை மணந்தமையால் உறவினர் அவரைக் கைவிட்டனர்; அவரும் தறியில் அமர்ந்தார். அருளப்பர் குழந்தையாய் இருந்தபோதே தந்தையார் மறைந்தார். தமையன் ஒருவனும் சிறு வயதில் இறந்தான். அன்பின் பொருட்டு அனைத்தையும் இழத்தல் கூடும் என்பதை ஏட்டில் கற்கும் முன்பே வீட்டில் கண்டவர் அவர்.

குடும்பம் மெதினா தெல் காம்போ நகரில் குடியேறிய பின், நோயாளர் இல்லம் ஒன்றில் பணிவிடை செய்துகொண்டே இயேசு சபையார் கல்லூரியில் இலத்தீன் இலக்கியம் பயின்றார். 1563இல் கார்மேல் சபையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு முதல் 1568 வரை சலமான்காப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றார். கவிஞரும் வேத அறிஞருமாகிய லூயிஸ் தெ லெயோன் அக்காலத்தில் அங்கே பேராசிரியராக இருந்தார். உன்னத சங்கீதத்தை மக்கள் மொழியில் பெயர்த்தது அப்பேராசிரியர் மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்றாயிற்று. 1572 முதல் 1576 வரை அவர் சிறையிருந்தார். அந்த உன்னத சங்கீதமே அருளப்பரின் பாடல்களுக்கும் ஊற்றாக அமைந்தது.

கல்வி நிறைந்தும் அவர் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. முழுமையான தனிமையை நாடிக் கர்த்தூசியத் துறவியர் சபைக்கு மாறிவிட எண்ணியிருந்தார். அந்நிலையில், 1567இல், அவிலா நகரத் தெரேசம்மாளைச் சந்தித்தார். அம்மையாருக்கு வயது 52, அவருக்கு 25. கார்மேல் சபையைப் பழைய எளிமைக்கும் தவத்துக்கும் மீட்கும் பணியில் அம்மையார் அவரைத் துணைகொண்டார். 1568 நவம்பர் 28 அன்று துருவேலோ என்னும் இடத்தில், பாழடைந்த பண்ணை வீடொன்றில், அப்பணி துறவியரிடையே தொடங்கியது. 1572 முதல் அவிலாவின் கன்னியர் மடத்தில் அவர் ஆன்ம குருவாக விளங்கினார்.

சீர்திருத்தத்தை ஏற்காத சபையினர் 1577 டிசம்பர் 2 இரவில் அவரைப் பிடித்துத் தொலேதோ மடத்தில் அடைத்தனர். ஏறத்தாழப் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உடைய அறை. உயரத்தில் ஒரு சிறு துளையின் வழியே கசியும் வெளிச்சம். செபநூலை வாசிப்பதற்கும் ஒளியை நோக்கி ஏறி நிற்க வேண்டியிருந்தது. உணவறையில் சாட்டையடியும் உண்டு. அடைத்தவர்கள் பகைநாட்டார் அல்லர். ஒரே சபையைச் சேர்ந்த உடன்பிறப்புகள் என்பதே துயரத்தின் கூர்மை.

அங்கேதான் அவர் பாடினார். நூல்கள் இல்லை, நெஞ்சில் பதிந்திருந்த வேதவாக்கு இருந்தது. முதலில் தாளும் மையும் இல்லாமையால் பாடல்களை நினைவிலேயே இயற்றிக் காத்தார். பின்னர் வந்த காவலர் இரங்கி எழுதுபொருள் தந்தார். தலைவனைத் தேடித் திரியும் தலைவியின் கூற்றாக அமைந்த ‘ஆன்மீகக் கீதம்’ என்னும் பாடலின் பெரும்பகுதி அவ்வறையில் உருவானது. ஒன்பது மாதச் சிறைக்குப் பின், 1578 ஆகஸ்டில், பூட்டின் திருகுகளைத் தளர்த்தி, விரிப்புகளைக் கிழித்துக் கயிறாக்கி இறங்கித் தப்பினார். தெரேசம்மாளின் கன்னியர் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். ‘இருண்ட இரவு’ பாடல் அதனை அடுத்துப் பிறந்தது.

தம் பாடலுக்குத் தாமே உரை வகுத்தவர் அருளப்பர். அவ்வுரைகளும் பிறர் வேண்டியதால் எழுந்தவையே. ‘ஆன்மீகக் கீதம்’ உரை அன்னை ஆனா என்னும் மடத்தலைவியின் வேண்டுகோளுக்காகவும், ‘அன்பின் உயிர்ச்சுடர்’ உரை ஆனா தெ பெஞலோசா என்னும் இல்லறப் பெண்மணிக்காகவும் எழுதப்பட்டன. பெயாஸ் மடத்துக் கன்னியருக்குக் கார்மேல் மலையின் ஏற்றத்தைச் சிறு படமாக வரைந்து அளித்தார். சிந்தனைத் துணுக்குகளைத் தாள் நறுக்குகளில் எழுதித் தந்தார்.

தியானத்தில் வறட்சி கண்டு கலங்குவோருக்கு அவர் காட்டிய மூன்று அடையாளங்கள் புகழ்பெற்றவை. கற்பனையால் இறைவனை எண்ணி இன்புற இயலாமை முதலாவது. வேறு பொருள்களிலும் மனம் செல்ல விரும்பாமை இரண்டாவது. அன்பு கலந்த கவனத்தோடு தனித்து அமைதியில் இருக்க விழைதல் மூன்றாவது. இம்மூன்றும் கூடினால் வறட்சி வீழ்ச்சியன்று. இறைவன் ஆன்மாவை மோனத்துக்கு அழைக்கும் வேளை அது. கூடாவிடில் வேதத்தைக் கற்றுச் சிந்திக்கும் வழியை விடலாகாது. எவரையும் அவசரப்படுத்தாத இவ்வழிகாட்டலில் சலமான்காவின் தெளிவும் தொலேதோவின் இருளும் ஒன்றுகூடுகின்றன.

அவர் துணைநின்று வளர்த்த சீர்திருத்தச் சபையே இறுதியில் அவரை ஒதுக்கியது. 1591இல் மத்ரீதில் கூடிய பொதுச்சங்கம் அவருக்குப் பதவி எதுவும் தரவில்லை. அவர் மீது குற்றம் தேடிய விசாரணைக்கு அஞ்சிப் பலர் அவருடைய கடிதங்களை எரித்துவிட்டனர். எஞ்சியவை மிகச் சிலவே. காய்ச்சலும் காற்புண்ணும் வாட்டிய நிலையில், தம்மை அறியாதார் வாழும் ஊர் என்பதால் ஊபேதா மடத்தைத் தேர்ந்தார். 1591 டிசம்பர் 14 அன்று, நள்ளிரவு வேளையில், 49ஆம் வயதில் உயிர்நீத்தார். இறுதி வேளையில் அவர் கேட்க விரும்பியது உன்னத சங்கீதம்.

1618இல் அவருடைய நூல்கள் முதன்முதலாக அச்சில் வந்தபோது ‘ஆன்மீகக் கீதம்’ அத்தொகுப்பில் இடம்பெறவில்லை. 1627இல்தான் ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. 1726இல் புனிதராகவும், 1926இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பெற்றார். 1952இல் ஸ்பானியக் கவிஞர்களின் பாதுகாவலரானார். கற்றதை நெஞ்சில் ஏற்றி, ஏடு பறிபோன இடத்திலும் அதைப் பாடியவருக்கு அப்பெயர் பொருந்தும்.