மேடையைத் துறக்காத கிரீஷ்

கல்கத்தாவின் பாக்பஜாரில் 1844-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பிறந்தார் கிரீஷ் சந்திர கோஷ். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். நுழைவுத் தேர்வில் தேறவில்லை. ஆயினும் நூல்களைத் தேடிக் கற்பதை நிறுத்தவில்லை. மாமனாரின் உதவியால் ஆங்கிலேய நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதும் பணியில் சேர்ந்தார். பகலெல்லாம் பேரேடு, இரவில் நாடக ஒத்திகை என்று பல ஆண்டுகள் கழிந்தன.

1880-இல் பிரதாப் சந்த் ஜஹுரி என்ற வணிகர் நேஷனல் தியேட்டரை வாங்கி, அதன் நிர்வாகப் பொறுப்பேற்குமாறு கிரீஷை அழைத்தார். அலுவலகத்தில் அவருக்கு மாதச் சம்பளம் 150 ரூபாய். நாடகசாலை தர முன்வந்ததோ 100 ரூபாய். கிரீஷ் அலுவலகத்தை விட்டார். அந்நாளில் நடிகைகள் விலைமாதர் தெருக்களிலிருந்து வந்தவர்கள். மேடையில் ஏறியவரை நற்குடியினர் மதிப்பதில்லை. கிரீஷின் குடிப்பழக்கமும் ஊரறிந்தது. எனவே, அவர் பணத்தையும் மதிப்பையும் ஒருங்கே இழந்தார் என்றே பலரும் எண்ணியிருப்பர்.

1884-இல் ஸ்டார் தியேட்டரில் அவரது ‘சைதன்ய லீலை’ அரங்கேறியது. செப்டம்பர் 21-ஆம் நாள் அதைக் காண ஸ்ரீராமகிருஷ்ணர் வந்தார். கிரீஷ் வணங்கும் முன்பே குருதேவர் அவரை வணங்கினார். கிரீஷ் பதிலுக்கு வணங்க, குருதேவர் மீண்டும் வணங்கினார். இது முடிவின்றித் தொடருமோ என்று அஞ்சிய கிரீஷ், மனத்திற்குள் வணங்கிவிட்டு அவரை மாடத்தில் அமர்த்தினார். சைதன்யராக நடித்த வினோதினி அன்று குருதேவரின் ஆசியைப் பெற்றார். ஊரார் முகம் சுளித்த இடத்திலேயே அருள் பொழிந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

குருதேவரிடம் நெருங்க நெருங்க, கிரீஷுக்குத் தம் தொழிலே தடையெனத் தோன்றலாயிற்று. நாடகத்தை விட்டுவிடவா என்று அவர் கேட்டார். குருதேவரோ, அது அப்படியே நடக்கட்டும், அதனால் மக்களுக்கு நன்மை விளைகிறது என்று கூறிவிட்டார். இளைஞர் பலரைத் துறவுக்கு ஆயத்தம் செய்த அதே குரு இவரை மேடையிலேயே நிறுத்தினார். இதில் முரண் ஏதுமில்லை. ஒருவருடைய இயல்பை அறியாமல் அனைவருக்கும் ஒரே மருந்தைத் தருபவர் நல்ல மருத்துவரல்லரே!

சாதனையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. காலையும் மாலையும் இறைவனை நினைக்குமாறு குருதேவர் கூறினார். நேரம் தவறாது உண்பதுகூட இயலாத தம்மால் அதற்கு வாக்களிக்க முடியாதெனக் கிரீஷ் மௌனமாக இருந்தார். உண்ணும் முன், உறங்கும் முன் என்று நிபந்தனை தளர்ந்தது. அதற்கும் அவர் உடன்படவில்லை. இறுதியில் தம் பொறுப்பு முழுவதையும் குருவிடம் ஒப்படைத்தார். வங்காளத்தில் இதைப் ‘பகல்மா’ என்பர். நம் வழக்கில் வக்காலத்து. எளிய வழி கிடைத்ததென மகிழ்ந்தவர், பின்னரே அதன் கடுமையை உணர்ந்தார். ‘நான் செய்வேன்’ என்று சொல்லும் உரிமையும் அத்துடன் போய்விட்டது! ஒவ்வோர் அடியிலும், மூச்சிலும் தம் விருப்பம் தலைதூக்குகிறதா என்று பார்க்க வேண்டியதாயிற்று. காலை மாலை ஜபம் இதைவிட எளிதாக இருந்திருக்கும்.

1886 ஆகஸ்டில் குருதேவர் மறைந்த பின்னும் கிரீஷ் எழுதினார், நடித்தார், நடிப்பைக் கற்பித்தார். ‘பில்வமங்கள்’ நாடகம் சுவாமி விவேகானந்தரின் உள்ளத்தைக் கவர்ந்தது. ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தை அவர் வங்காளியாக்கி 1893-இல் மினர்வா தியேட்டரில் மேடையேற்றினார். ‘சிராஜுத்தௌலா’ நாடகத்தை ஆங்கில அரசு தடைசெய்தது. இவற்றுக்கிடையே ஏழைகளுக்கு இலவசமாக ஹோமியோபதி மருந்தும் அளித்து வந்தார்.

1911 ஜூலை 15-ஆம் நாள் இரவு நல்ல மழை. ஆஸ்துமாவால் நலிந்திருந்தும் ‘பலிதான்’ நாடகத்தில் கருணாமயனாக நடிக்கக் கிரீஷ் மேடையேறினார். அந்த வேடத்தில் திறந்த மேனியுடன் தோன்ற வேண்டியிருந்தது. குளிர் தாக்கியது. அதன்பின் அவர் மேடையேறவில்லை. 1912 பிப்ரவரி 8-ஆம் நாள் குருதேவரை நினைந்தவாறே உடலை நீத்தார்.