மார்கழிக் காலையில் பழைய லாரி ஸ்டார்ட் ஆகலையா? பதில் ருடால்ஃப் டீசலின் வாழ்க்கையில் இருக்கு!

மார்கழி மாதம், விடியற்காலை. திட்டக்குடியில் வெள்ளாற்றுப் பக்கமிருந்து பனி இறங்கியிருக்கும். கரும்பு லோடு ஏற்றப் போகவேண்டிய பழைய லாரி, செல்ஃப் அடித்தால் முனகுமே தவிர ஸ்டார்ட் ஆகாது. நேரம் போனால் அன்றைய வாடகையே போச்சு.

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் ப்ளக் இருக்கு. டீசல் வண்டியில் அது கிடையாது. அப்புறம் எப்படி எரிபொருள் பற்றுது? அதைக் கண்டுபிடித்தவரின் கதை தெரிந்தால், லாரியின் கோளாறும் பாதி புரிந்துவிடும்.

ஐஸ் கம்பெனியில் வேலை

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர்கள். 1870-ல் பிரான்ஸுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டதால் குடும்பம் லண்டனுக்குப் போனது. சிறுவன் ருடால்ஃப், படிப்புக்காக ஆக்ஸ்பர்க் நகரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

பிறகு மியூனிக்கில் இன்ஜினீயரிங் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர், குளிர்பதன இயந்திரங்களுக்குப் பேர்போன கார்ல் வான் லிண்டே. படிப்பு முடிந்ததும் லிண்டேயின் ஐஸ் தயாரிப்புத் தொழிலிலேயே பாரிஸில் வேலை. சூட்டை நம்பி ஓடும் இன்ஜினைத் தந்தவர், முதலில் வேலை பார்த்தது ஐஸ் கம்பெனியில்தான்!

அந்தக் கால நீராவி இன்ஜின்கள், நிலக்கரி தரும் சக்தியில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை. இந்த வீணடிப்புதான் டீசலை உறுத்தியது.

தீப்பொறி இல்லாத இன்ஜின்

சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். இதையே இன்னும் கடுமையாகச் செய்தால், உள்ளே தெளிக்கும் எரிபொருள் தானாகப் பற்றும் என்பதுதான் டீசலின் யோசனை. 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

1893 ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க் ஆலையில் முதல் சோதனை. எரிபொருள் பற்றியது, ஆனால் அழுத்தம் தாங்காமல் அளவீட்டுக் கருவி வெடித்தது. அதற்குப் பிறகும் நான்கு வருடப் போராட்டம். 1897-ல் நடந்த சோதனையில் எரிபொருள் சக்தியில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது அவருடைய 20 குதிரைத்திறன் இன்ஜின்.

1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியது. வி.ஆர்.ஐ. நிலக்கடலை ரகங்களைத் தந்த விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்கு இது சுவாரஸ்யமான தகவல்தான்.

கப்பலில் மாயமானவர்

பேரும் பணமும் வந்தது. கூடவே காப்புரிமை வழக்குகள், உடல்நலக் குறைவு, தவறான முதலீடுகள், கடன். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து கிளம்பிய டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனவரை, காலையில் காணோம். சில நாள் கழித்துக் கடலில் ஒரு உடல் தென்பட்டது. அதிலிருந்து எடுத்த பொருட்களை வைத்து மகன் அடையாளம் காட்டினார். வயது 55. தற்கொலையா, விபத்தா, கொலையா என்பது இன்றுவரை விவாதம்தான்.

டீசல் லாரிகள் விற்பனைக்கு வந்தது 1920-களில். அதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, லாரியில் எதைப் பார்க்கணும்?

அவருடைய யோசனைப்படி தேவை மூன்று: வேகமாகச் சுற்றணும், காற்று கசியாமல் அழுந்தணும், டீசல் சரியாக வரணும். மெதுவாகச் சுற்றினால் அழுந்திய காற்றின் சூடு, குளிர்ந்த சிலிண்டர் சுவரிலேயே போய்விடும்.

* சுற்றுவதே மந்தமா? பேட்டரி, டெர்மினலில் பூத்த உப்பு, எர்த் கேபிள், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள். இன்ஜின் ஆயில் கெட்டியாக இருந்தாலும் இப்படி இழுக்கும்.

* நன்றாகச் சுற்றியும் புகையே வரலையா? டீசல் உள்ளே போகவில்லை. இரவில் பைப் இணைப்பு வழியே காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கியிருக்கலாம். ஃபில்டரைப் பார்த்து, கைப்பம்பை அடித்து ஏர் எடுக்கணும்.

* வெள்ளைப் புகை வருதா? டீசல் போகுது, பற்றத்தான் சூடு போதல. ஹீட்டர் ப்ளக் உள்ள வண்டியென்றால் முதலில் அதைச் சோதிக்கணும். இல்லையென்றால் ரிங், வால்வு தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். இன்ஜெக்டரும் சரியாகத் தெளிக்காமல் இருக்கலாம்.

விடாமல் செல்ஃப் அடிக்காதீங்க; சில நொடி அடித்து, இடைவெளி விடுங்க. ஏர் ஃபில்டர் பக்கம் துணியைக் கொளுத்திக் காட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வண்டியே எரிந்துவிடலாம்.

இன்னொரு விஷயம். இமயமலைப் பக்கம் கடும் குளிரில் டீசலே உறையும். நம்மூர் மார்கழிக் குளிருக்கு அது நடக்காது. அதனால் பனி மேல் பழி போட வேண்டாம். வண்டியில் ஏற்கெனவே இருந்த தேய்மானத்தைத்தான் அது வெளியே காட்டுது. வெயில் வந்ததும் ஸ்டார்ட் ஆகிடுச்சேன்னு விட்டுடாம, அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.