ஒரு பிடி அரிசியும் ஒரு வேளைச் சோறும்



ஜூலை 15 வந்தால் காமராஜர் பிறந்த நாள். பள்ளிக்கூடங்களில் அதைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் வேட்டி கட்டி, கதர்ச் சட்டை போட்டு மேடையேறுவார்கள். மதிய உணவு தந்த மாமனிதர் என்று இரண்டு வரி பேசிவிட்டு இறங்குவார்கள். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருக்கும் கதையை நீங்கள் வீட்டில் உட்கார்த்தி வைத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் குடியிருப்பில் மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கிறது. மாலையில் கீழே நடக்க வரும் பெரியவர்களிடம் பள்ளிக்கூடச் சாப்பாடு என்று ஒரு வார்த்தை எடுத்துப் பாருங்கள். அலுமினியத் தட்டு, மஞ்சள் நிற மக்காச்சோள உப்புமா, கரைத்துக் கொடுத்த பால் பவுடர் எல்லாம் வெளியே வரும். அவர்களுக்கு அடுத்த தலைமுறை தூக்குவாளியில் கொண்டு போன புளிச்சோற்றையும் பக்கத்துப் பையனின் சத்துணவு முட்டையையும் பேசும். இன்றைய பிள்ளைகளுக்கோ மூன்று அடுக்கு டப்பா, அதற்கென்று ஒரு பை. இந்த நினைவுகள் எல்லாம் போய்ச் சேரும் இடம், விளாங்குடியிலிருந்து தெற்கே வண்டியில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய விருதுநகர்.

அப்போது அந்த ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். 1903ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் பிறந்தார் காமராஜர். குலதெய்வத்தின் பெயரைச் சேர்த்துக் காமாட்சி என்று வைத்தார்கள். அம்மா ராஜா என்று கூப்பிடுவார். இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய படிப்பு, பிறகு ஊரில் இருந்த சத்திரிய வித்யாசாலையில் தொடர்ந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அதை நடத்தியது அரசாங்கம் அல்ல, ஊர் மக்கள். வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். மகமை கொடுக்க வசதி இல்லாத வீடுகள் பிடி அரிசி கொடுத்தன. தினமும் உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். சேர்ந்ததும் ஆள் வந்து வாங்கிப் போவார். அந்த அரிசி பணமாகி, பள்ளிக்கூடச் செலவுக்குப் போகும். பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லாத படிப்பு. பின்னாளில் நாடு முழுக்கப் பேசப்பட்ட மனிதர், ஊராருடைய அரிசிப் பானையால் படித்தவர்.

அவருடைய பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அளவு காசு கொடுத்தார்கள். பூஜை முடிந்து சுண்டல், பொரிகடலை கொடுக்கும்போது ஒரே தள்ளுமுள்ளு. முட்டி மோதியவர்களுக்குக் கை நிறையக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற இந்தப் பையனுக்குக் கொஞ்சம்தான். வீட்டில் பாட்டி ஏன் இவ்வளவுதான் என்று கேட்டதற்கு, எல்லாரிடமும் சமமாகக் காசு வாங்கியவர்கள் எல்லாருக்கும் சமமாகத்தானே கொடுத்திருக்க வேண்டும், நான் எதற்குப் போய் முட்ட வேண்டும் என்று திருப்பிக் கேட்டாராம். பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுவது என்றால் அதில் வரிசையும் சமமும் வேண்டும் என்பதைச் சொல்ல, பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

ஆறு வயதில் அப்பா இறந்துவிட்டார். தேங்காய் வியாபாரத்தில் வந்த வரும்படி அதோடு நின்றது. சிவகாமி அம்மாள் தன் நகைகளைப் பணமாக்கி வட்டிக்கு விட்டு, மகனையும் மகள் நாகம்மாளையும் காப்பாற்றினார். சம்பளம் இல்லாத பள்ளிக்கூடம்தான், ஆனாலும் வீட்டு நிலைமை விடவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பையன் மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போனார். படிப்பு இலவசமாகக் கிடைத்தாலும் வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் பிள்ளை வகுப்பில் இருக்கும் என்பதை அவர் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுத்த பையனைச் செய்தித்தாள்களும் கூட்டங்களும் காங்கிரசுக்குள் இழுத்துக்கொண்டன. 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்காக முதல் சிறைவாசம், கல்கத்தா அலிப்பூர் சிறையில். அப்புறம் வேலூர், அமராவதி என்று எல்லாம் சேர்த்து சுமார் 9 ஆண்டுகள் சிறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். 1954 ஏப்ரல் 13 அன்று சென்னை மாகாண முதலமைச்சராகப் பதவியேற்றார்.

வந்தவுடன், பிள்ளைகள் அரை நாள் மட்டும் பள்ளிக்கூடத்தில் இருந்தால் போதும் என்ற பழைய திட்டத்தைக் கைவிட்டார். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறக்கச் சொன்னார். 300 பேர் இருக்கிற சிற்றூரின் பிள்ளைகூட ஒரு மைலுக்கு மேல் நடக்கக் கூடாது என்பது கணக்கு. கட்டடம் வந்தது, வாத்தியார் வந்தார். ஆனால் பிள்ளைகள் ஆடு மாடு மேய்க்கப் போனார்கள். வேலைக்குப் போனால் கூழாவது கிடைக்கும், பள்ளிக்கூடம் போனால் என்ன கிடைக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் படிப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

பள்ளியில் மதியச் சாப்பாடு போடும் யோசனை புதிதல்ல. நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் அதைத் தொடங்கினார். பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. பணம் செலவிட அன்றைய அரசு இடம் கொடுக்காததால் சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஒரு நகரத்தில் சில பள்ளிகளுக்கே இந்த நிலை என்றால், மாகாணம் முழுவதற்கும் எங்கே போவது? அதிகாரிகள் பணத்தைக் காட்டித் தயங்கினார்கள்.

காமராஜர் விருதுபட்டி வழியை எடுத்தார். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போனார். அரசாணைக்குக் காத்திராமல் ஊரார் கொடுக்கும் அரிசி, பருப்பு, காய்கறியை வைத்தே தொடங்கலாம் என்றார்கள். 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராஜரே போய்த் தொடங்கி வைத்தார். இதற்காக மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுப் பிச்சை எடுக்கவும் தயார் என்ற பொருளில் அவர் பேசியது இன்றும் நினைவில் நிற்கிறது. மக்கள் கொடுத்துக் காட்டிய பிறகு, 1957இல் அரசும் பணம் ஒதுக்கியது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்று வைத்து, 6 காசை அரசு கொடுத்தது. மீதி 4 காசு ஊராருடையது. ஆண்டுக்கு 200 நாள் சாப்பாடு. 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால் பவுடரும் மக்காச்சோள ரவையும் எண்ணெயும் அனுப்பியது. பெரியவர்கள் சொல்லும் அந்த மஞ்சள் உப்புமா வந்த வழி இதுதான்.

1963 அக்டோபரில் முதலமைச்சர் பதவியைத் தானாகவே விட்டுக் கட்சி வேலைக்குப் போனார். அகில இந்தியத் தலைவராகி, இரண்டு பிரதமர்கள் வரக் காரணமாக இருந்தார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் சென்னையில் காலமானார். சொத்து என்று எதையும் சேர்த்து வைக்கவில்லை. மறு ஆண்டு பாரத ரத்னா கொடுத்தார்கள்.

அவர் வைத்த அடுப்பு அணையவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம், சமைத்த மதிய உணவை நாடு முழுவதும் கொடுக்கச் சொன்னது. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்.

இப்போது நம்மிடம் வருவோம். சத்துணவு என்றால் அது ஏழைப் பிள்ளைகளுக்குப் போடும் இலவசம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிள்ளைகளும் அதைக் கேட்டு வளர்கிறார்கள். காமராஜர் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் அது தர்மம் இல்லை என்று தெரியும். ஒரு தெரு, தன் தெருப் பிள்ளைகளுக்குத் தானே போட்டுக்கொண்ட சோறு அது. நம் படிக்கட்டைப் பெருக்கும் அக்காவின் பிள்ளையும், வாசலில் நிற்கும் காவலாளி அண்ணனின் பிள்ளையும் இன்று மதியம் அந்தச் சோற்றைத்தான் சாப்பிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் முன்னால் நம் பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்கள் என்பது நாம் வீட்டில் என்ன பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்த ஜூலை 15 அன்று ஒன்று செய்யுங்கள். சாயங்காலம் டப்பா கழுவும்போது, மிச்சம் வைத்ததற்குத் திட்டுவதோடு நிறுத்தாமல் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிறகு தாத்தா பாட்டியிடம் அனுப்பி, அவர்கள் பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்டு எழுதியதை நமது சங்கத்துக்கு அனுப்பினால், அடுத்த இதழில் வெளியிடுவோம். விருதுநகரில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு போய்ப் பார்த்து வாருங்கள்.