கொல்வின் ஆர். டி சில்வா: குற்றவாளிக் கூண்டுக்கும் அமைச்சரவைக்கும் இடையில்

கொல்வின் ஆர். டி சில்வா என்ற பெயரைக் கேட்டால் எங்கள் ஊர்களில் மூத்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது 1972ஆம் ஆண்டு யாப்புத்தான். சோல்பரி யாப்பின் 29ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கொடுத்திருந்த சிறிய பாதுகாப்பும் அந்த யாப்போடு போய்விட்டது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அவருக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. அதில் அவர் ஒரு தமிழரைத் தூக்குக் கயிற்றிலிருந்து மீட்ட சட்டத்தரணி. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளைத் தொடர்ந்து எழுதிவரும் எனக்கு இந்த இரண்டாவது மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

1907 பெப்ரவரியில் பலப்பிட்டியவை அண்டிய றன்தொம்பையில் பிறந்தவர். கொழும்பு றோயல் கல்லூரி, பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வரலாற்றில் கலாநிதிப் பட்டம். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கியபோது அதன் முதல் தலைவர். 1940இல் பிரித்தானிய அரசு அவரையும் தோழர்களையும் போர்க்காலச் சட்டத்தின் கீழ் பிடித்து அடைத்தது. குற்றப்பத்திரம் இல்லை, வழக்கும் இல்லை. ஏறத்தாழ இரண்டு வருடங்கள் உள்ளே இருந்தார். 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து ஒரு காவலரின் உதவியோடு தப்பி, பிறகு இரகசியமாக இந்தியாவுக்குக் கடந்தார். விசாரணையில்லாத தடுப்புக்காவல் என்றால் என்னவென்று புத்தகத்தில் படித்து அறிந்தவர் அல்ல அவர்.

போர் முடிந்து திரும்பியவர் நாடாளுமன்றத்தில் பேசினார், நீதிமன்றத்தில் வாதாடினார். சதாசிவம் வழக்கு அவரிடம் வந்தது அந்தக் காலத்தில்தான்.

மகாதேவன் சதாசிவம் இலங்கைக் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்தவர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் எடுத்ததைப் பற்றி அந்தத் தலைமுறை சாகும்வரை பேசியது. குடும்ப வாழ்க்கை அப்படி இருக்கவில்லை. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1951 ஒக்ரோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டி வீட்டின் வாகனக் கொட்டகையில் அவருடைய மனைவி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். சதாசிவம் அன்று காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரில் வீட்டைவிட்டுப் போயிருந்தார். வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த இளைஞன் நகைகளோடு தலைமறைவாகி, சில நாட்களின் பின் தெற்கில் பிடிபட்டான். தன்னை வற்புறுத்தி உதவிக்கு வைத்துக்கொண்டு கொலையைச் செய்தவர் கணவர்தான் என்று அவன் சொன்னான். சட்டமா அதிபர் தரப்பு அவனுக்கு நிபந்தனையுடனான மன்னிப்பு வழங்கி, அவனையே பிரதான சாட்சியாக்கியது.

மதுவும் வேறு பெண்களின் தொடர்பும் உள்ளவர் என்ற பேச்சு சதாசிவத்தைச் சுற்றி ஏற்கெனவே இருந்தது. அப்படிப்பட்டவர் செய்திருப்பார் என்று ஊர் முடிவுகட்ட அது போதும். கைதான பிள்ளையின் படம் பத்திரிகையின் முதற்பக்கத்தில் வந்த வீடுகளுக்கு இந்த முடிவுகட்டல் எப்படி நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

கொல்வின் தன் கட்சிக்காரரை நல்லவராகக் காட்ட முயலவில்லை. நல்லவரா கெட்டவரா என்பது நீதிமன்றத்துக்கு முன்னிருந்த கேள்வியே அல்ல. உடந்தையாக இருந்ததாகத் தானே சொல்லும் ஒருவன், தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லும் கதையை வைத்து இன்னொருவரைத் தூக்கிலிடலாமா? அதைத்தான் கொல்வின் கேட்டார். சாட்சியின் வாக்குமூலங்களில் இருந்த முரண்கள், அவன் உடம்பில் இருந்த கீறல்கள், கையில் இருந்த நகைகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் குறுக்கு விசாரணை செய்தார். கொலை நடந்த நேரம் எது என்பதில்தான் வழக்கு நின்றது. சதாசிவம் வீட்டில் இருந்தபோதே மரணம் நேர்ந்தது என்பது அரச தரப்பு. அவர் போன பிறகு சமையலறையில் நடந்தது என்பது எதிரி தரப்பு. எடின்பரோவின் சட்ட மருத்துவ நிபுணர் சேர் சிட்னி சிமித் எதிரி தரப்புச் சாட்சியாக வந்து, மரண நேரத்தை அரச தரப்பு சொன்னதுபோல் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதை விளக்கினார். நீதியரசர் கிரேஷன் முன்னிலையில் 57 நாட்கள் விசாரணை நடந்தது. 1953 ஜூன் 25ஆம் திகதி யூரர்கள் ஏகமனதாகக் குற்றவாளி அல்ல என்றார்கள். அதுவரை சதாசிவம் ஏறக்குறைய இருபது மாதங்கள் விளக்கமறியலில் இருந்திருந்தார். எங்கள் பிள்ளைகள் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இருபது மாதம் சின்னக் கணக்கு.

இறந்துபோன அந்தப் பெண்ணுக்கு இந்தக் கதையில் நீதி கிடைக்கவில்லை. மன்னிப்புப் பெற்ற சாட்சியையும் தொட முடியவில்லை. தவறான ஆளைத் துரத்திக்கொண்டு போனால் சரியான ஆளும் கைநழுவிப் போவார் என்பதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் எதிரியின் உரிமை என்றதும் குற்றவாளிக்குப் பரிந்து பேசுவதாக நினைக்கிறார்கள்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது கொல்வின் அதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் பேசினார். ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று அவர் செய்த எச்சரிக்கை இன்றும் மேடைகளில் நினைவுகூரப்படுகிறது. 1970இல் அவர் அரசியலமைப்பு விவகார அமைச்சர். இரண்டு வருடத்தில் சிங்களத்தை அரசகரும மொழியாகவும் பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் யாப்பிலேயே எழுதிவைத்தார்.

சட்டத்தரணி கொல்வினை அமைச்சர் கொல்வின் கைவிட்ட இடம் இது மட்டுமல்ல. 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியின் பின் அவர் அங்கம் வகித்த அரசு 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. வழமையான சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவு தெளிவானது: பொலிஸ் அதிகாரிக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பொலிஸ் நிலையத்துக்குள் மனிதன் தனித்திருக்கிறான், பயந்திருக்கிறான் என்பதை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே ஏற்றுக்கொண்டிருந்தது. ஆணைக்குழுக்களுக்கு அந்தத் தடை நீக்கப்பட்டது. மேன்முறையீடும் இல்லை. மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் சிங்கள இளைஞர்கள் என்பதால் வடக்கில் அதை யாரும் பெரிதாகக் கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆணைக்குழுக்கள் 1977இல் கலைக்கப்பட்டன. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆவது பிரிவாக அதே ஏற்பாடு திரும்பி வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி பதிவுசெய்தால் போதும், ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகும். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு எதிரியின் தலையில். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் கையெழுத்து வைத்தவர்களின் உண்மை விளம்பல் விசாரணைகளை நான் நீதிமன்றத்தின் பின்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். உடலில் இருந்த காயம் ஆறிப் பல வருடங்களின் பின் அந்தக் காயத்துக்கு ஆதாரம் கேட்கப்படும்.

1976இல் அமிர்தலிங்கம் உள்ளிட்டோர் ட்ரயல் அட் பார் முன் நிறுத்தப்பட்டபோது, எதிரிகளுக்காகத் தந்தை செல்வாவும் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் பெரும் தமிழ்ச் சட்டத்தரணிகள் அணியோடு எழுந்து நின்றார்கள். அவர்கள் கேள்விக்குட்படுத்தியது அவசரகால விதிகளை மட்டுமல்ல, கொல்வின் வரைந்த யாப்பே சட்டப்படி செல்லுமா என்பதையும். அதற்கு முந்திய வருடமே அவருடைய கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது.

சதாசிவம் 1977இல் காலமானார். கொல்வின் 1989 பெப்ரவரி 27ஆம் திகதி, 82 வயதில். அந்த மாதங்களில் தெற்கின் வீதியோரங்களில் இளைஞர்களின் உடல்கள் எரிந்துகொண்டிருந்தன. அவர்களில் எவரையும் ஒரு நீதவான் முன்கூடக் கொண்டுபோயிருக்கவில்லை.